அப்பா பார்த்திராத பழைய படங்கள்: வீட்டில் பார்க்கப் பரிந்துரை வேண்டும்

திருச்சி மாலதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 79. இரண்டு கண்களிலும் புரை நீக்கியபின் பார்வை தெளிவாகிவிட்டதால், மாலை ஆறு மணிக்கு மேல் கூடத்தில் உட்கார்ந்து பழைய படம் பார்ப்பது அவருடைய வழக்கமாகிவிட்டது. சிக்கல் என்னவென்றால், சிவாஜி, எம்.ஜி.ஆர்., ஜெமினி ஆகியோரின் புகழ்பெற்ற படங்களையெல்லாம் அவர் திரையரங்கிலேயே இரண்டு மூன்று முறை பார்த்து முடித்தவர். நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்பே இவர் வசனத்தைச் சொல்லி முடித்துவிடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் படம் இரண்டு முறை ஓடுவது போல இருக்கிறது. அவர் பார்த்திராத, ஆனால் பார்த்தால் பிடிக்கக்கூடிய தமிழ்ப் படங்கள் வேண்டும். 1950 முதல் 1990 வரை எந்த ஆண்டாக இருந்தாலும் சரி. காது சற்று மந்தம் என்பதால் ஒலி ஓரளவு தெளிவாக இருக்க வேண்டும். "அதிகம் அறியப்படாத சிறந்த படங்கள்" என்று இணையத்தில் தேடினால் எல்லோரும் ஒரே பத்துப் படங்களைத்தான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். அந்தப் பத்தையும் அப்பா பார்த்துவிட்டார்.

பெஞ்சு டிக்கெட் எழுதியது:

வணக்கம் அம்மா. நாயகன் பெயரை வைத்துத் தேடுவதை முதலில் நிறுத்துங்கள். நாயகன் பெயரில் தேடினால் பெட்டி நிறைந்த படங்கள்தான் வரும். இயக்குநர், கதை எழுதியவர், ஒளிப்பதிவாளர் என்று வேறு யாராவது ஒருவருடைய பின்னால் போய்ப் பாருங்கள்.

நான் எப்போதும் முதலில் சொல்வது எஸ். பாலச்சந்தர் பெயரைத்தான். வீணை பாலச்சந்தர் என்றால் உங்கள் தந்தைக்கு உடனே விளங்கும். சிறுவனாகவே திரையில் தோன்றி, பிறகு நடிகராகவும் இயக்குநராகவும் இசையமைப்பாளராகவும் இருந்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் உதறிவிட்டு வீணையோடு அமர்ந்துகொண்டவர். அவர் இயக்கிய 'அந்த நாள்' 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் வந்தது. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம். திரை விலகியதும் ஒரு துப்பாக்கிச் சத்தம்; சிவாஜி கணேசன் சுருண்டு விழுந்து இறந்துபோகிறார். மீதிப் படம் முழுவதும், அவரை யார் கொன்றது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். குரோசாவாவின் 'ரஷோமோன்' பார்த்த தாக்கத்தில் எடுத்தது என்றாலும் களம் முழுக்க இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சென்னைதான்.

அதே பாலச்சந்தர் 1964இல் 'பொம்மை' எடுத்தார். ஒருவரைக் கொல்வதற்காக வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறி ஊர் சுற்றுகிறது. 'நீயும் பொம்மை நானும் பொம்மை' என்ற யேசுதாஸ் பாடலை வானொலியில் கேட்டவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். படத்தைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். படம் முடிந்ததும் தொழில்நுட்பக் கலைஞர்களையெல்லாம் பாலச்சந்தரே திரையில் அழைத்து அறிமுகம் செய்துவைப்பார், எழுந்து போய்விடாதீர்கள். மூன்றாவது 'நடு இரவில்', 1970. தனித்தீவு மாளிகை ஒன்றில் உறவினர்கள் கூடுகிறார்கள், ஒவ்வொருவராகக் கொலையாகிறார்கள். இந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். அப்பா வசனம் சொல்ல மாட்டார்.

இரண்டாம் ஆட்டம் எழுதியது:

'அந்த நாள்' எப்படி ஐயா அறியப்படாத படமாகும்? தமிழ் சினிமாவைப் பற்றி எழுதுகிற எல்லோரும் முதல் பத்தியிலேயே அதைத்தான் எழுதுகிறார்கள்.

பெஞ்சு டிக்கெட் எழுதியது:

எழுதுகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். முழுதாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். பெயர் தெரிந்திருப்பது ஒன்று, படம் தெரிந்திருப்பது வேறு. சிவாஜி முதல் காட்சியிலேயே இறந்துவிடுவார், பாட்டும் கிடையாது என்பதற்காகவே அன்றைக்கு அந்தப் படத்தை ஒதுக்கிய ரசிகர்கள் உண்டு. மாலதி அம்மாவின் தந்தையும் அவர்களில் ஒருவராக இருக்கக்கூடும்.

இரண்டாம் ஆட்டம் எழுதியது:

சரி, அதை விட்டுவிடுகிறேன். என் பரிந்துரை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மாநில மொழிப் படங்கள் போடுவார்கள். அவற்றில் தமிழ்ப் படம் வருவது அரிது. வந்தால் வெளியே விளையாடப் போகாமல் வீட்டில் இருப்பேன். எனக்குச் சினிமா புரிய ஆரம்பித்தது அந்த மதியங்களில்தான்.

1982இல் கே. ஹரிஹரன் இயக்கிய 'ஏழாவது மனிதன்' அத்தகைய படம். ரகுவரன் நாயகனாக அறிமுகமானது இதில்தான். திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு சிமெண்டு ஆலை, அதன் தூசியில் வாழும் கிராமம், அங்கே வேலைக்கு வரும் ஓர் இளைஞன். பாடல்கள் பாரதியாருடையவை, இசை எல். வைத்தியநாதன். 'காக்கைச் சிறகினிலே' பாடலை யேசுதாஸ் குரலில் எல்லோரும் அறிவார்கள். அது இந்தப் படத்தில் எங்கே, எதற்காக வருகிறது என்பதை அறிந்தவர் குறைவு.

சி. ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978) இன்று பலருக்குத் தெரியும். வண்ணநிலவனும் வசனத்தில் பங்களித்த படம். கமல், ரஜினி, ஸ்ரீபிரியா மூவரும் நடித்தும் கருப்பு வெள்ளையில், கூச்சமில்லாமல் பேசுகிற படம். ருத்ரய்யா அதற்குப்பின் எடுத்தது 'கிராமத்து அத்தியாயம்' ஒன்றுதான். மகேந்திரன் என்றால் எல்லோரும் 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்' என்று நிறுத்திவிடுகிறார்கள். பொன்னீலனின் கதையை வைத்து அவர் 1980இல் எடுத்த 'பூட்டாத பூட்டுகள்' படத்தையும் தேடிப் பாருங்கள். மலையாள நடிகர் ஜெயன் நடித்திருக்கிறார். ஆனால் குடும்பத்தோடு பார்ப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை தனியாகப் பார்த்துக்கொள்வது நல்லது, கதை அப்படி.

திருச்சி மாலதி எழுதியது:

நன்றி. நேற்று 'அந்த நாள்' போட்டேன். பெயர்கள் ஓடும்போதே அப்பா, "வீணை வாசிக்கிறவரா எடுத்தார்?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பாதிப் படத்தில் சாப்பிடக் கூப்பிட்டதற்கு, கையைக் காட்டி இருக்கச் சொன்னார். ஜப்பான் விமானம் சென்னைமீது குண்டு போடுகிற செய்தி வந்தபோது மட்டும் படத்தை நிறுத்தச் சொல்லி, 1942இல் பட்டணத்தைக் காலி செய்துகொண்டு வந்த உறவினர் குடும்பம் ஒன்று திருச்சியில் எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் மாதக்கணக்கில் தங்கியிருந்த கதையைச் சொன்னார். அவர் பிறப்பதற்கு முன் நடந்தது. அவருடைய அம்மா சொல்லிக் கேட்டது. கொலையாளி யார் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அப்பா இரண்டு முறை ஊகித்தார், இரண்டும் தவறு.

ஒரு சந்தேகம். படத்தில் எல்லோருடைய முகமும் சற்று அகலமாகத் தெரிகிறது. பண்டரிபாயின் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இவ்வளவு உருண்டையாக இருக்காது. பிரதியின் குறையா?

பெஞ்சு டிக்கெட் எழுதியது:

பிரதியின் குறை இல்லை, உங்கள் தொலைக்காட்சியின் தாராள மனசு. அந்தக் காலத்துப் படச்சட்டம் ஏறத்தாழ நான்குக்கு மூன்று என்ற அளவில், சதுரத்துக்கு அருகில் இருக்கும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' வந்ததே 1973இல்தான். இன்றைய அகலத் திரையில் அந்தச் சட்டத்தைப் போட்டால் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வர வேண்டும். பட்டை தெரிந்தால் குறை என்று நினைத்து நாமே இழுத்துவிடுகிறோம், அல்லது பெட்டியே தானாக இழுத்துக்கொள்கிறது. ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் இடத்தில் 4:3 என்று வையுங்கள். வட்டமான கடிகாரமோ வண்டிச் சக்கரமோ திரையில் வரும்போது பாருங்கள், முட்டை வடிவில் தெரிந்தால் இன்னும் சரியாகவில்லை என்று பொருள்.

இதைவிட மோசமானது, அகலத் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டி ஏற்றிய பிரதிகள். அவற்றில் நடிகர்களின் நெற்றியும் நடனக்காரர்களின் பாதமும் காணாமல் போய்விடும். அதற்கு ரிமோட்டில் மருந்து இல்லை. வேறு பிரதி தேட வேண்டியதுதான்.

பாட்டுப்புத்தகம் எழுதியது:

இரண்டு நாளாக இந்த உரையாடலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாலதி அவர்களின் தந்தையைப் போன்ற ஒருவருக்கு மிகவும் ஏற்ற வழி ஒன்று உண்டு. நான் பல ஆண்டுகளாக அதையே விளையாட்டாகச் செய்துவருகிறேன். தமிழ்ச் சினிமாவில் பல நடிகர்களின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டப்பெயரைப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்துக்குப் போவதுதான் அது.

'அந்த நாள்' படத்தில் துப்பறியும் அதிகாரியாக வந்தவரும் அதன் கதை வசனத்தை எழுதியவரும் ஜாவர் சீதாராமன். ஜாவர் என்பது அவருடைய ஊர்ப்பெயரும் அன்று, குடும்பப்பெயரும் அன்று. 1950இல் கோவை பட்சிராஜா நிறுவனத்துக்காக கே. ராம்நாத் இயக்கிய 'ஏழை படும் பாடு' படத்தில் அவர் ஏற்ற காவல் அதிகாரி வேடத்தின் பெயர் அது. விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசரபிள்' நாவலில் நாயகனை வாழ்நாள் முழுவதும் துரத்தும் ழாவேர்தான் தமிழில் ஜாவர் ஆனான். கவியோகி சுத்தானந்த பாரதியார் அந்த நாவலை இதே பெயரில் தமிழாக்கியிருந்தார். சித்தூர் நாகையா நாயகன். அந்த வேடம் சீதாராமனை இறுதிவரை விடவில்லை. நாவலில் துரத்தியது போலவே வாழ்க்கையிலும் துரத்தியது. படத்தைப் பார்த்தவர்கள் போய்விட்டார்கள், பட்டம் மட்டும் எல்லோர் வாயிலும் நிற்கிறது.

இப்படியே எண்ணிப் பாருங்கள். சௌகார் ஜானகி என்கிறோம், 1950இல் எல்.வி. பிரசாத் இயக்கிய 'ஷாவுகாரு' என்ற தெலுங்குப் படத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? குலதெய்வம் ராஜகோபால் என்கிறோம். 1956இல் கிருஷ்ணன் பஞ்சு இயக்கிய 'குலதெய்வம்' யாருக்கு நினைவிருக்கிறது? நிழல்கள் ரவியைத் தெரியாத வீடு இல்லை. பாரதிராஜாவின் 'நிழல்கள்' (1980) அன்று ஓடவில்லை. 'இது ஒரு பொன்மாலைப் பொழுது' மட்டும் ஓடியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேலையில்லாத இளைஞர்களின் அந்த இருண்ட கதையை இப்போது பார்த்தால், பாடலைக் கேட்டு நாம் மனத்தில் கட்டிவைத்திருந்த படம் ஒன்று, எடுக்கப்பட்ட படம் வேறொன்று என்பது தெரியும். பசி சத்யா, பசி நாராயணன் என்ற இருவருக்கும் பெயர் கொடுத்த 'பசி' (1979) துரை இயக்கியது. குப்பை பொறுக்கும் பெண்ணாக நடித்த ஷோபாவுக்கு அந்த ஆண்டின் தேசிய விருது கிடைத்தது.

பட்டப்பெயர் என்பது ஒருவகையில் சான்றிதழ். ஒரு படம் ஒரு காலத்தில் மக்கள் நாவில் ஏறியிருந்தால்தான் அது ஆளின் பெயரோடு ஒட்டும். ஆகவே தேடிப் போய் ஏமாறுவது குறைவு.

திருச்சி மாலதி எழுதியது:

இதை அப்பாவிடம் படித்துக்காட்டினேன். உடனே பழைய நாட்குறிப்பு ஒன்றை எடுத்து, பட்டப்பெயர்களைப் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். இரவு பத்தரைக்குக் கதவைத் தட்டி, "வெண்ணிற ஆடை மூர்த்தியை விட்டுவிட்டோம்" என்றார்.

இரண்டாம் ஆட்டம் எழுதியது:

'வெண்ணிற ஆடை' (1965) அறியப்படாத படம் அன்று, அது ஜெயலலிதாவின் முதல் தமிழ்ப் படம். ஆனாலும் ஐயாவுக்கு அரை மதிப்பெண் கொடுக்கலாம்.

பாட்டுப்புத்தகம் சொன்ன வழிக்கு ஒரு கிளையும் உண்டு. ஒரு பெயரிலிருந்து இன்னொரு படத்துக்குத் தாவலாம். 1960இல் வங்காளத்திலிருந்து வந்த நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' தொழிற்சங்கத்தைப் பற்றிய படம். 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' பாடல் அதில்தான் வருகிறது, எழுதியவர் ஜெயகாந்தன். இசையமைத்தவர் எம்.பி. சீனிவாசன். அந்தச் சீனிவாசனே பிற்பாடு ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) படத்தில் பேராசிரியராக நடித்தார். வழி தவறி வந்த கழுதைக்குட்டியைத் தன் வீட்டில் வளர்க்கப் பார்க்கும் மனிதர். நடிகராக இல்லாத ஒருவர் நடிக்கும்போது முகத்தில் வரும் தயக்கம் இருக்கிறதே, அந்த வேடத்துக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை.

ஜெயகாந்தனைத் தொடர்ந்தால் அவரே இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' (1965), நாகேஷ் நடித்த 'யாருக்காக அழுதான்' (1966) என்று போகலாம். முதல் படம் தேசிய விருது பெற்றது. ஆனால் தேடும்போது எச்சரிக்கை: பெயரை மட்டும் போட்டால் 2009இல் கமல் நடித்த படம்தான் வரும். 'கைதி', 'பொம்மை' என்று எதைத் தேடினாலும் இதே கதைதான். பழைய தலைப்புகளையெல்லாம் புதியவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆண்டையும் இயக்குநர் பெயரையும் சேர்த்துத் தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக ஒருமுறை தேடுங்கள். பதிவேற்றியவர் எந்த எழுத்துக்கூட்டலில் போட்டிருப்பார் என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

நல்லூரான் எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தமிழ்ப் படம் என்றால் சென்னையில் எடுத்தது மட்டுமே என்ற எண்ணத்தில் எல்லோரும் எழுதிக்கொண்டு போகிறீர்கள் என்பதால் ஒரு சிறு குறிப்பு. இலங்கையிலும் தமிழ்ப் படங்கள் எடுத்திருக்கிறார்கள். 1972இல் வெளியான 'குத்துவிளக்கு', செங்கை ஆழியானின் நாவலை வைத்து எடுத்த 'வாடைக்காற்று' (1978) ஆகியவை எங்கள் பேச்சுமொழியும் எங்கள் கடற்கரையும் திரையில் வந்த படங்கள். சிங்களத் திரையுலகின் முக்கியமான இயக்குநரான தர்மசேன பத்திராஜ, யாழ்ப்பாணத்தில் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில் 'பொன்மணி' (1977) என்ற தமிழ்ப் படத்தை இயக்கினார். சாதியும் சீதனமும் ஒரு குடும்பத்தை எப்படி இறுக்குகிறது என்பதுதான் கதை. மிகவும் அமைதியான படம். சண்டையோ நகைச்சுவைப் பகுதியோ எதிர்பார்த்து அமர வேண்டாம்.

இவற்றில் பலவற்றை நல்ல பிரதியில் பார்ப்பது எங்களுக்கே கடினம். 1983 கலவரத்தில் ஹெந்தளையிலிருந்த ஸ்டூடியோவும் எரிந்தது. படங்களின் மூலப்பிரதிகளும் அதோடு போயின. மாலதி அக்காவின் அப்பாவுக்கு எங்கள் பேச்சு முதல் பத்து நிமிடம் பழகாது, பிறகு பழகிவிடும்.

பெஞ்சு டிக்கெட் எழுதியது:

நல்லூரான் அவர்களுக்கு நன்றி. நாங்கள் செய்த பிழைதான். 'பொன்மணி'யின் பெயரைக் கேள்விப்பட்டிருந்தும் இங்கே எழுதத் தோன்றவில்லை.

மூலப்பிரதி பற்றிச் சொன்னீர்கள். இந்தப் பக்கத்திலும் நிலைமை பெருமைப்படும்படி இல்லை. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இன்று இல்லை. ஐம்பதுகளின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் படச்சுருள் தீப்பற்றக்கூடியது. பிறகு வந்த அசிடேட் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் காடி நாற்றம் அடித்துச் சுருங்கிப்போகும். போதாததற்கு, சுருளில் இருக்கும் வெள்ளிக்காக அதைக் கரைத்து விற்றவர்களும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கியது 1964இல். அதற்குள் நிறையப் போய்விட்டது. ஐம்பதுகளோடு இந்தக் கதை முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். தம் படங்கள் சிலவற்றின் நெகட்டிவ் அழிந்துபோனதைப் பற்றி பாலு மகேந்திராவே கடைசிக் காலத்தில் வருந்திப் பேசியிருக்கிறார்.

இரண்டாம் ஆட்டம் எழுதியது:

இணையத்தில் கிடைக்கும் பிரதிகளைப் பார்ப்பது சரியா என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு உண்டு. 1964இல் வந்த 'பொம்மை'க்கு 2024 முடிவோடு அந்தக் காலம் முடிந்தது. 60 ஆண்டு இன்னும் முடியாத படங்களுக்கு உரிமையாளர் இருக்கிறார். அவரே பதிவேற்றியது இருந்தால் அதைப் பாருங்கள். பெரும்பாலும் பிரதியும் அங்கேதான் நன்றாக இருக்கும்.

பாட்டுப்புத்தகம் எழுதியது:

பழைய பிரதிகளில் கதை திடீரென்று தாவினால் இயக்குநரைத் திட்ட வேண்டாம். ஆயிரம் அடி ரீல் ஒன்று ஏறத்தாழப் பதினொரு நிமிடம் ஓடும். ஒரு ரீல் தொலைந்தால் பதினொரு நிமிடக் கதை தொலைகிறது. பல பிரதிகளில் பாடல் காட்சிகள் காணாமல் போயிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: ஒளிபரப்பும்போது நேரத்துக்காகப் பாட்டையே முதலில் வெட்டுகிறார்கள். அந்த வெட்டிய பிரதியையே யாரோ பதிவுசெய்து ஏற்றிவிடுகிறார்கள்.

இதற்கு என்னிடம் உள்ள மருந்து என் பெயரிலேயே இருக்கிறது. படம் வெளிவரும்போது திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப்புத்தகத்தில் எல்லாப் பாடல்களும் வரிசையாக இருக்கும், முன்பக்கத்தில் கதைச்சுருக்கம் இருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவை ஏராளமாகச் சேர்த்துவைக்கப்பட்டுள்ளன. நான் எந்தப் படத்தையும் பார்ப்பதற்கு முன் புத்தகம் கிடைத்தால் புரட்டிவிடுவேன். ஒரே தொல்லை, கதைச்சுருக்கம் சரியாக நமக்குத் தேவையான இடத்தில் வந்து, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நின்றுவிடும். வெள்ளித்திரையில் அந்த மீதிதான் இல்லை!

திருச்சி மாலதி எழுதியது:

மூன்று வாரங்களாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். இதற்குள் ஐந்து படங்கள் முடித்துவிட்டோம். 4:3 வைத்தபின் பண்டரிபாய் பண்டரிபாயாகவே இருக்கிறார்.

'நடு இரவில்' அப்பாவுக்குப் பிடித்தது. பாதிக்கு மேல் சற்று இழுக்கிறது என்றும் சொன்னார், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 'ஏழாவது மனிதன்' எனக்குப் பிடித்தது, அவருக்கு இல்லை. பாரதியார் பாட்டு வந்தபோது மட்டும் கண்ணை மூடிக் கேட்டார்.

'பசி' பார்த்துவிட்டு பசி சத்யாவைத் தொடர்ந்து பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்துக்குப் போனோம். கட்டட வேலை செய்யும் பெண்ணாக சத்யா அதில் வருகிறார். ஒப்பந்தக்காரர் சிமெண்டு மூட்டைகளைக் கடத்துவதைக் கண்டுபிடித்துச் சொல்பவரே அவர்தான். பாட்டே இல்லை, பின்னணியில் இளையராஜாவின் இசை மட்டும் வருகிறது. வாடகை வீட்டைக் காலிசெய்ய வேண்டிய நிலையில் அர்ச்சனா ஒரு சிறிய வீடு கட்டப் புறப்படுகிறார். மனை, வரைபடம், அனுமதி, கடன், கம்பி, செங்கல் என்று படம் முழுக்க அதுதான். அப்பா 1985இல் எங்கள் வீட்டைக் கட்டியவர். ஒவ்வொரு காட்சிக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பாதி எழும்பிய வீட்டைத் தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் தனியாகப் பார்க்கப் போய், சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கிற இடத்தில் என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. அப்பா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, எங்கள் கூடத்துச் சுவரில் 1985இல் பூச்சு சரியாக அமையாத இடத்தைக் காட்டி, "இந்த இடத்துக்கு அன்றைக்கே மேஸ்திரியோடு சண்டை போட்டேன்" என்றார். நாற்பது ஆண்டுகளாக அந்தச் சுவரைப் பார்க்கிறேன், எனக்கு அந்த மேடுபள்ளம் தெரிந்ததே இல்லை.

பாட்டுப்புத்தகம் எழுதியது:

படித்ததும் மனம் நிறைந்தது. பாகவதரைப் பிடித்துவிட்டதல்லவா, அடுத்து அதே பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' (1989) பாருங்கள். ஆனால் 'வீடு' பார்த்த அதே வாரத்தில் வேண்டாம். அதுவும் ஒரு முதியவரின் கதைதான். நடுவில் லேசாக ஏதாவது ஒன்றைப் போடுங்கள். 'ஏழை படும் பாடு' கிடைத்ததா?

திருச்சி மாலதி எழுதியது:

கிடைத்தது. உறவினர் ஒருவர் வீட்டு அலமாரியில் பழைய குறுந்தட்டாக இருந்தது. ஒலி மோசம், படமும் மங்கல். நேற்று ஞாயிறு மாலை போட்டோம். ஜாவர் திரையில் வந்ததும் அப்பா நாட்குறிப்பை எடுத்து அந்தப் பெயருக்கு எதிரே குறியிட்டார்.

படம் பாதிக்கு மேல் போனதும், நீங்கள் சொன்னது போலவே, கதை ஓர் இடத்திலிருந்து சம்பந்தமில்லாத வேறோர் இடத்துக்குத் தாவிவிட்டது. பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன், பயனில்லை. நடுவில் ஒரு துண்டு இல்லை. அணைத்துவிடலாமா என்று கேட்டேன். அப்பா ரிமோட்டை வாங்கிப் படத்தை நிறுத்திவைத்துவிட்டு, பள்ளியில் படிக்கும்போது நூலகத்திலிருந்து சுத்தானந்த பாரதியாரின் புத்தகத்தை எடுத்துவந்து இரண்டு இரவுகள் விளக்கு வெளிச்சத்தில் படித்ததாகச் சொன்னார். இதை இத்தனை ஆண்டுகளில் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு, காயம்பட்ட இளைஞனைத் தோளில் போட்டுக்கொண்டு நாயகன் பாதாளச் சாக்கடை வழியே நடந்து போவதையும், வெளியே வந்தால் அங்கே காவல் அதிகாரி நிற்பதையும் சொல்லத் தொடங்கினார். அரைமணி நேரம் சொன்னார். பள்ளியிலிருந்து வந்த என் மகன் ஷூவைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சிறப்பு வகுப்பு முடிந்து வந்தவன், பசி என்றுகூடச் சொல்லவில்லை.

கதை படத்தைப் பிடித்ததும் அப்பா ரிமோட்டை என்னிடம் நீட்டி, "இப்போது போடு, இங்கிருந்து சரியாக இருக்கும்" என்றார்.